கடலை மடித்தவன்

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கடலைக் காணோம்!

தமிழ்நிலா கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். போகும்போது நீலமும் பச்சையுமாய்ப் புரண்டுகொண்டிருந்ததே... பட்டினப்பாக்கத்துப் பெண்களிடம் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய புடவைகள். அடியில் தெர்மாகோல் துண்டுகளை முட்டுக் கொடுத்து, மேலே ஒவ்வொன்றாய்ப் பரப்பி, சுருக்கி, நுரைக்கு வெள்ளைப் புடவை தேடி அலைந்து, முதுகு ஒடியச் செய்த கடல். அதில் பாதி இப்போது தரையாக இருந்தது.

அந்தத் தரையில் ஓர் இளைஞன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். முகவாய்க்குக் கீழே புடவையின் ஒரு முனை. கைகளை விரித்து ஓர் உதறு, ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு... பக்கத்தில் பார்டர் மேல் பார்டராக ஓர் அடுக்கு. தெர்மாகோல் துண்டுகளைக்கூட அளவு பார்த்து அடுக்கி வைத்திருந்தான், பாவி! வாயில் பாட்டு வேறு.

"யோவ்! இன்னாயா பண்ணிக்கினு கீற?"

ஓவியக் கல்லூரியில் படித்து, கண்காட்சிக்கு வருகிற பெரிய மனிதர்களோடு பழகி, பேச்சை நன்றாகவே சலவை செய்து வைத்திருந்தாள் தமிழ்நிலா. கோபம் வந்தால் மட்டும் பட்டினப்பாக்கம் நேராக வாய்க்கு வந்துவிடும்.

அவன் நிமிர்ந்தான். தூக்கத்தில் எழுப்பிய குழந்தையின் கண்கள்... கோபத்திலும் அவள் அதைக் கவனித்தாள்.

"வாங்க மேடம், இன்னும் கொஞ்சந்தான். யாரோ மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

"நான்தான்யா பிரிச்சுப் போட்டேன்!"

"பரவாயில்லங்க. தீபாவளின்னா கஸ்டமர் அப்படித்தான். எது பிடிச்சிருக்கு? தனியா எடுத்து வைக்கவா?"

"இது கடையில்ல! மியூசியம்! இது புடவையில்ல... கடல்!"

அவன் கையிலிருந்ததைப் பார்த்தான். அடுக்கைப் பார்த்தான். மிச்சமிருந்த அலைகளைப் பார்த்தான். வெளியே லஸ் முனைப் பக்கம் ஓர் இடி இடித்தது. அதன் பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

"ஐயையோ... எவ்வளவு கடல மடிச்சிருக்கேன்?"

"பாதி!"

விஷயம் இதுதான். அவன் குடும்பத்துக்குத் தி. நகரில் புடவைக் கடை. மியூசியத்துப் பெண் ஊழியர்களுக்குத் தீபாவளிச் சீருடைப் புடவை கொண்டுவந்திருந்தான். காப்பாட்சியர் ஷாகிரா, "கூடத்துல உட்காருங்க, வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண்ணெதிரே பிரிந்து கிடக்கும் புடவைகள்... சீசனில் நாள் முழுக்க அதையே செய்த கை.

"கை சும்மாவே இருக்காதுங்க. கல்யாணத்துக்குப் போனா மேடையில கிடக்கிற துண்டையும் மடிச்சு வச்சிட்டு வந்துருவேன். அப்பா மேலயே சத்தியம். ஒரு 'தொடாதீர்கள்' போர்டு இருந்திருந்தா..."

போர்டு இருந்தது. தமிழ்நிலாவின் பைக்குள் பத்திரமாக இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து வைக்கலாமென்று நினைத்திருந்தாள். அதை அவனிடம் சொல்வாளா என்ன?

அவளுக்கு அழுகை முட்டியது. வருஷா வருஷம் ஐப்பசியில் இந்த மியூசியம் உள்ளூர் ஓவியர்களுக்காக மழைக்காலக் கண்காட்சி நடத்தும். அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பழைய சிற்பங்களும் ஓவியங்களும் இருக்கிற நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொள்ளும். தேர்வுக் குழுத் தலைவர், மூத்த ஓவியர் நெடுஞ்செழியன், இன்று மாலையே வருகிறார். 'உங்க பொடவ மியூசியத்துல நிக்கும்' என்று குப்பத்தில் எல்லோரிடமும் சொல்லித்தான் வாங்கி வந்திருந்தாள். அவள் அம்மா முனியம்மாளோ ஒருபடி மேலே போய், மீன் கடையில் மீனை நிறுத்து முடிக்கும்முன் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

"அழாதீங்க. நானே மடிச்சேன், நானே பிரிக்கறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

"கசக்கணும்."

"கசக்கவா?" அவன் முகம் வெளிறியது. "புடவையையா?"

"கசக்குயா!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு கசக்கினான். திறந்து பார்த்தால் நான்காக மடிந்திருந்தது. தமிழ்நிலாவுக்குக் கோபத்தின் நடுவே சிரிப்பு வந்து தொலைத்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

இடையில் அவன் போன் கத்தியது. ஸ்பீக்கரே தேவையில்லை, அப்பா தனபாலனின் குரல் கூடமெங்கும் கேட்டது.

"எங்கலே இருக்க? கடையில கூட்டம் நெரிச்சிட்டு நிக்கி!"

"ஒரு பார்ட்டி ஸ்டாக்க பூரா பிரிச்சுப் போட்டுருச்சுப்பா. சரி பண்ணிட்டு வாரேன்."

"எடுத்தாங்களா?"

"இன்னும் இல்லப்பா," என்று அவளைப் பார்த்தான். "திட்டு மட்டுந்தான்."

அலைகள் மெல்லத் திரும்பி எழுந்தன. அவள் சுருக்கிக் கொடுக்க, அவன் தெர்மாகோலை நகர்த்தினான். குனிந்து நிமிர்கிறபோது ஒருமுறை தலையோடு தலை முட்டிக்கொண்டது. 'சாரி' என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மழை சன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தது...

"இந்தப் புடவைங்கள்ல ஒரு வாசனை அடிக்குதுங்க."

அவள் கை நின்றது. இந்தப் பேச்சு அவளுக்குப் பழக்கம்தான். பள்ளிக்கூட பெஞ்சிலிருந்து கேட்டு வந்தது.

"மீன் வாசனைன்னு நேரா சொல்ல வேண்டியதுதான?"

"மீனா?" அவன் நிஜமாகவே மோந்து பார்த்தான். "எனக்குக் கடல் வாசனைன்னுதாங்க தோணுச்சு. நீங்களும் கடல்னுதான சொன்னீங்க?"

அவசரமாக அடுக்கின் பக்கம் திரும்பினாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சாயம் போன நீலப் புடவை. அம்மா வருஷக்கணக்காய் மீன் கடையில் கட்டி, ஓரமெல்லாம் நைந்துபோனது. அதை மட்டும் தனிக் கவனத்தோடு, நைந்த ஓரம் உள்ளே போகும்படி மடித்திருந்தான்.

"இது ஏன் மேல இருக்கு?"

"அது ரொம்ப உழைச்சிருக்குங்க. அடியில வச்சா வெயிட்டு தாங்காது. கிழிஞ்சிரும்."

தமிழ்நிலா அந்தப் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். யாருடைய புடவை என்று தெரியாமலேயே அவள் அம்மாவை மேலே உட்கார வைத்திருக்கிறான் இவன்!

"அந்த அடுக்க அப்படியே ஓரமா விட்டுருங்களேன். பார்க்க நல்லாயிருக்கு," என்றான்.

அங்கேதான் அவளுடைய வீம்பு குறுக்கே வந்து நின்றது. "என் வேலையில உன் கை இன்னாத்துக்கு? பிரி!"

பிரிக்க நேரமில்லை. வாசலில் குடைகள் மடங்குகிற சத்தம். ஷாகிரா விருந்தினர்களை அழைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். கூடவே பூ வைத்துக்கொண்டு முனியம்மாள். அவன் சட்டென்று தூணோரமாக ஒதுங்கிக்கொண்டான். அடுக்கு மட்டும் அலைகளின் ஓரத்தில் அப்படியே இருந்தது.

நெடுஞ்செழியன் கடலை ஒரு சுற்று சுற்றி வந்தார். அடுக்கின் முன்னால் நின்றார். நின்றவர் நகரவேயில்லை.

"அலை எல்லாரும் செய்வாங்கம்மா. கடலுக்குப் போன மனுஷன் வீடு திரும்பிட்டானான்னு புடவைய மடிச்சு வச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்கிற வீடு இது. இந்த அடுக்கு இல்லன்னா இது வெறும் கடல். இது எப்படி தோணிச்சு உனக்கு?"

எல்லாக் கண்களும் அவள் மேல். தூணோரத்திலிருந்து அவன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான்... சொல்லாதீங்க.

"அது... தானா வந்துச்சு சார்."

அவன் சிரித்தான். ஆனால் கண்களில் ஏதோ அணைந்தது. ஷாகிராவுக்காகச் சீருடைப் புடவைகளை ஓரமாக வைத்துவிட்டு, காலிப் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். போகிறபோக்கில் யாரோ கழற்றிப் போட்டிருந்த ரெயின்கோட்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான்!

தமிழ்நிலாவுக்குப் பொறுக்கவில்லை. சேகரிப்பு போனால் போகட்டும். அந்தக் கண்கள் அப்படி மழைக்குள் போகக்கூடாது.

"யோவ், டி. நகர்! நில்லுயா!"

கூடமே திரும்பிப் பார்த்தது. "இன்னாடி இது?" என்று முனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், அந்த அடுக்கு நான் செஞ்சது இல்ல. இவரு செஞ்சாரு. தெரியாம என் கடல மடிச்சிட்டாரு. நான் திட்டினேன். போர்டு வைக்காதது என் தப்பு, அதையும் இவருகிட்ட சொல்லல. எங்கம்மா பொடவய மேல வச்சதும் இவருதான்." மூச்சு வாங்கியது. "யோவ், உன் பேர் இன்னா?"

"அ... அஸ்வத்."

"அஸ்வத் சார்!"

நெடுஞ்செழியன் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்போ ரெண்டு பேரையும் எழுதுங்க. தனித்தனியா எடுத்தா ரெண்டுமே பாதிதான். எனக்கு முழுசா வேணும்."

"சார், எடுத்துக்கறது சரி," என்றார் ஷாகிரா. அவருக்கு எப்போதும் கிடங்குக் கவலை. "கண்காட்சி முடிஞ்சா கடல அப்படியே வைக்க இடம் ஏது? மடிச்சுத்தான் வைக்கணும். வெளிய எடுக்கறப்ப விரிக்கணும், மறுபடியும் மடிக்கணும். யார் வருவாங்க வருஷா வருஷம்?"

"இவரு வருவாரு," என்றாள் தமிழ்நிலா. கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள். காது சூடேறியது.

"வருவேன்," என்றான் அவன். "தீபாவளி சீசனா இருந்தாலும் வருவேன்."

முனியம்மாள் மகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நைந்த ஓரம் உள்ளே மடிந்திருந்த தன் புடவையைப் பார்த்தாள்.

"நைனா... மீன் துன்னுவியா?"

"நல்லா சாப்பிடுவேன்மா."

"அப்ப செரி," என்று பூவைச் சரிசெய்துகொண்டாள்.

போன் மறுபடி கத்தியது.

"ஏலே அஸ்வத்! அந்தப் பார்ட்டிய இன்னுமாலே முடிக்கல?"

"முடியாதுப்பா. வருஷா வருஷம் மடிக்கணுமாம்..."

"எந்தப் பார்ட்டிலே அது?"

அஸ்வத் விழித்தான். தமிழ்நிலா போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். ஒருமுறை 'தானா வந்துச்சு' என்று சொல்லிப் பட்டது போதும்.

"சார், நான்தான் அந்தப் பார்ட்டி. புடவை எதுவும் எடுக்கல. உங்க புள்ளையத்தான் எனக்குப் புடிச்சிருக்கு."

மறுமுனையில் தி. நகரின் தீபாவளி இரைச்சலுக்கு நடுவே தனபாலனின் குரல், முதல்முறையாகச் சின்னதாக வந்தது.

"மழ விட்டதும் உன்னையக் கூட்டிட்டு வரச் சொல்லும்மா அவன்கிட்ட. காப்பி போடச் சொல்லுதேன்."

போனைத் திருப்பி நீட்டினாள். அஸ்வத் வாங்கவில்லை. "எனக்கும்... அந்த யோவ்லயே புடிச்சிருச்சுங்க," என்றான் மெல்ல. ஒரு நொடிகூடச் சும்மா இருக்கத் தெரியாத அந்தக் கைகள், என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றன.

அவளே பிடித்துக்கொண்டாள்.