கோபுரம் 417-இன் தூண்டுவரி

காலை டீயை மேசையில் வைத்ததும் திருமேனி செய்யும் முதல் வேலை, அடுத்தவர் எழுதியதை அழிப்பது. தூத்துக்குடிக் கரையில் இருந்த அந்தக் கட்டுப்பாட்டு அறையில் அவர் ஒருவர்தான். கடலுக்குள், உப்புநீரைக் குடிநீராக்கும் அறுநூறு கோபுரங்கள், கோபுரத்துக்கு ஓர் ஆள். அவர்களுடைய கணினிகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து தூண்டுவரியைப் பார்ப்பார். கட்டளையைத் தட்டுவதற்கு முன் திரையில் காத்துக்கிடக்குமே, பழைய ஆட்கள் பிராம்ப்ட் என்பார்களே, அந்தச் சின்ன வரிதான்.

அதில் கோபுர எண்ணும் ஒரு டாலர் குறியும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. முன்பு கோபுரங்களுக்கிடையே பேச்சு வசதி இருந்தது. இரண்டு பேர் அரட்டையில் வால்வை மறந்துவிட, ஓர் ஊரே ஒரு வாரம் உப்புத் தண்ணீர் குடித்தது. அன்றோடு பேச்சை அறுத்துவிட்டார்கள். ஆள் தனக்குத்தானே தூண்டுவரியில் நாலு வார்த்தை எழுதி வைத்துக்கொள்வதும் கவனச்சிதறல்தான் என்றது மேலிடம். மூன்று முறை பிடிபட்டால் வேலை போய்விடும்.

417-காரர் மட்டும் அடங்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் முதல் தடவையாக, "வெயில் 41, மனசு பரவாயில்ல$" என்று வைத்திருந்தார். திருமேனி அழித்தார். மறுநாள், "நேத்து அழிச்சவுகளே, வணக்கம்$". அதற்கும் மறுநாள், "சாப்ட்டியளா?$"

ஆணா பெண்ணா தெரியாது. நம்ம பக்கத்து ஆள் என்பது மட்டும் தெரிந்தது. திருமேனி சிரித்துக்கொண்டே அழித்தார். தினமும் ஒன்று வந்தது, தினமும் அழித்தார். ஒன்றைக்கூடப் பதிவேட்டில் ஏற்றவில்லை. தெரிந்தால் தன் வேலைக்கே உலை, இருந்தும் ஏற்றவில்லை. அதுவே பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டார். மனைவி போன பிறகு, சாப்பிட்டாச்சா என்று அவரைக் கேட்க இருந்தது அந்த ஒரு வரிதான்.

போன திங்கட்கிழமை, "அங்கன ஆள் இருக்கியளா, இல்ல மெஷினா?$" என்று இருந்தது. அதையும் வழக்கம்போல் அழித்தார்.

செவ்வாய்க்கிழமை வெறும் "417$".

"என்ன திருமேனி, இன்னைக்கும் ஒரு மீறல்கூட இல்லையே!" சுவர் ஒலிபெருக்கியில் மேலாளர் ஜெபராணியின் குரல் கேட்டது. "அறுநூறும் சுத்தம். நல்லா வேல பாத்திருக்கீங்க."

"சரிங்க மேடம்."

டீ ஆறிப்போயிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் 417-இன் தூண்டுவரியைத் திறந்து தட்டினார்: "ஆளுதான். சாப்ட்டாச்சு. நீங்க சாப்ட்டியளா?$"

மறுநாள் டீகூட வாங்காமல் ஓடி வந்தார். திரையில் "417$".

கடைசியாக மாற்றியது யார் என்று பார்த்தார். 417-காரரேதான். கண்ணில் பட்ட நிமிடமே அழித்திருந்தார். யாரோ மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று பயந்திருப்பார். எழுதியதை அழிக்க வேண்டும் என்று மூன்று மாதம் தவறாமல் சொல்லிக்கொடுத்ததே திருமேனிதானே.

அவர் தன் சொந்தக் கணினியின் தூண்டுவரியைத் திறந்து, "சாப்ட்டியளா?$" என்று போட்டார். மாலை வரை அது அங்கேயே இருந்தது. மறுநாளும் இருந்தது. கண்காணிப்பவரைக் கண்காணிக்க மேலிடம் யாரையும் போட்டிருக்கவில்லை. அழிப்பதற்குக்கூட ஒருவரும் வரவில்லை.