ஆணியடித்த அறை

பல் துலக்கியதும் தவமணி செய்யும் முதல் வேலை, மகளைப் பள்ளியோடு பிணைப்பது. கைப்பலகையில் அமுதினியின் பெயரைத் தொட்டு, ஒன்பதாம் கூடத்து வகுப்பறையைத் தொட்டால் போதும். பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் காப்பி. செவ்வாயைச் சுற்றிவரும் அந்த நிலையத்தில் எடை கிடையாது. கட்டிவைக்காத எதுவும் மிதந்துபோய் எதிலாவது முட்டும். ஆகவே பிணைப்பில்லாத எதையும் குப்பையென்று எடுத்து வெளியே தள்ளும்படி துப்புரவு இயந்திரங்களுக்கு உத்தரவு. போன வருடம் மூன்றாம் கூடத்து மாமனார் ஒருவரைக் கடைசிக் கதவருகே பிடித்து நிறுத்தினார்கள். பிணைக்க மறந்துவிட்டேன் என்றுதான் மருமகன் சொன்னான்.

தவமணி பிணைப்புப் பரிசோதகர். நிலையத்தின் ஒவ்வொரு சுவருக்கும் கதவுக்கும் திருகுக்கும் கணினியில் ஒரு வரைமாதிரி உண்டு. கட்டுமான இயந்திரங்கள் அதைப் படித்து அப்படியே செய்யும். சொந்தப் புத்தி கிடையாது. எந்தப் பொருளுக்கும் ஆறு அசைவுகள்: மூன்று திசையில் நகரலாம், மூன்று விதமாகச் சுழலலாம். பக்கத்துப் பொருளோடு பரப்புக்குப் பரப்பு, அச்சுக்கு அச்சு சேர்த்து, வேண்டாத அசைவுகளை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். கதவென்றால் கீலில் சுழலும் ஓர் அசைவை மட்டும் விட்டுவைக்க வேண்டும். ஒரே அசைவை இரண்டு பிணைப்புகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் சிவப்பு எரியும். பொறுமை வேண்டிய வேலை.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஆணி இருந்தது. மாதிரியில் ஒரு பொருளுக்கு ஆணி அடித்துவிட்டால், அது இருக்கும் இடத்திலேயே இருக்கும். அக்கம்பக்கத்தில் எது நகர்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. விளக்கு உடனே பச்சையாகிவிடும்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நான்காம் கூடத்துக்கும் ஐந்தாம் கூடத்துக்கும் நடுவே புதுக் கூடம் ஒன்றை நுழைக்கப் போகிறார்கள். ஐந்து முதல் பத்து வரை எல்லாம் நாற்பது மீட்டர் நகர்ந்து வழிவிட வேண்டும். ஒன்பது மணிக்குத் தவமணி தன் அலுவலக அறையில் ஒன்பதாம் கூடத்தின் மாதிரியைத் திறந்தாள். பள்ளிக்கூடம் முழுக்க ஆணி. முந்நூற்றுப் பன்னிரண்டு.

"சார், கூடம் நகரும், வகுப்பறைச் சுவர் மட்டும் நகராது. பிய்ச்சுக்கிட்டுப் போயிடும். ஒரு நாள் தள்ளிப் போடுங்க."

மேலதிகாரி செல்லையா அவள் திரையை எட்டிப் பார்த்தார். "எல்லாம் பச்சையாத்தானேம்மா இருக்கு?"

"ஆணி அடிச்சா பச்சையாத்தான் சார் இருக்கும்!"

"ஆணையர் பூமியிலிருந்து பார்த்துட்டிருக்கார். தள்ளிப்போடறதுக்குச் சிவப்பு எங்கன்னு கேப்பார். நான் எதைக் காட்டுவேன்?"

மகளை மட்டும் அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வகுப்பில் இன்னும் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். தவமணி நாற்காலிப் பட்டையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஓர் ஆணியைப் பிடுங்கு, சுவரைத் தரையோடு சேர், அடுத்தது. கரும்பலகையைச் சுவரோடு. ஜன்னலைச் சட்டத்தோடு. இடையிடையே கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். சோம்பேறிக் கூட்டம், பெற்ற பிள்ளைகள் உட்காரும் இடத்துக்குக்கூட இப்படியா என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்து மேசையில் செல்லையா, எல்லாம் பச்சை என்று ஆணையருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கடைசி ஆணியும் கழன்றது.

பன்னிரண்டு. திரையில் ஒன்பதாம் கூடம் சுவர், கரும்பலகை, பிள்ளைகள் எல்லாவற்றோடும் ஒன்றாக நகர்ந்தது. தவமணிக்கு அழுகை வந்தது.

பிறகு அவளுடைய அறை லேசாக அதிர்ந்தது. கதவு தானாக மூடி அடைத்துக்கொண்டது. ஜன்னல் வழியே பார்த்தால், ஐந்தாம் கூடம் தன் பாட்டுக்கு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுடைய அறையும் ஐந்தாம் கூடத்தில்தான் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஆறு வருடத்துக்கு முன் இந்த அறைக்குப் போட்ட இரண்டு பிணைப்புகள் முட்டிக்கொண்டு சிவப்பு எரிந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நேரம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆணி அடித்தாள். பரிசோதகரின் அறையைப் பரிசோதிக்கும் வழக்கம் அங்கே இல்லை. இயந்திரங்கள் அறையை நறுவிசாக வெட்டி, ஓட்டையை அடைத்து, இருந்த இடத்திலேயே விட்டுப் போயிருந்தன. புதுக் கூடம் வந்து உட்கார வேண்டிய இடமும் அதுதான்.

தவமணி மீட்புப் பிரிவை அழைத்தாள். இயந்திரக் குரல் பதில் சொன்னது: "உங்கள் அறை மாதிரியில் உள்ள இடத்திலேயே உள்ளது. விளக்கு பச்சை. பிழை இல்லாத இடத்துக்கு ஊர்தி அனுப்ப இயலாது."

"இன்னொரு கூடம் எங்க மேல வந்துட்டிருக்கு!"

"பிழையிருந்தால் பதிவு செய்யவும்."

பிழை பதியும் பொத்தான் மேலதிகாரியின் மேசையில் மட்டுமே உண்டு. அதன் மேல் செல்லையாவின் கை இருந்தது. "பதினோரு வருஷமா ஒரு பிழைகூடப் பதிவாகாத நிலையம்மா இது. பதிஞ்சுதான் ஆகணுமா?"

"சார், ஜன்னலப் பாருங்க."

"பார்த்தேன்." அவர் கையை எடுக்கவில்லை. "யார் பேர்ல பதியறது?"

"என் பேர்ல போடுங்க. கைய எடுங்க!"

சிவப்பு எரிந்தது. ஒரு சிவப்பைப் பார்த்து அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. ஊர்தி அவர்களைத் தூக்கிக்கொண்டு விலகியபோது புதுக் கூடம் இருபது மீட்டரில் இருந்தது. அறை அப்பளமாக நொறுங்கியது.

மறுநாள் காலை அமுதினியைப் பள்ளியோடு பிணைத்துவிட்டுக் காப்பியை எடுத்தாள். கைப்பலகையில், நிலையத்தாரின் செய்திக் குழுவில், செல்லையாவின் சுற்றறிக்கை வந்திருந்தது.

"நேற்று ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் ஓர் அறை நிலையத்தைவிட்டுப் பிரிந்தது. இனி எந்த அறையும் இப்படிப் பிரிந்துபோகாமலிருக்க, எல்லா அறைகளுக்கும் தலா இரண்டு ஆணிகள் அடித்து, பச்சை விளக்கைப் படமெடுத்து இன்று மாலைக்குள் இந்தக் குழுவில் போடவும்."

அதற்குக் கீழே அதற்குள் இருநூற்றுப் பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். முதல் கட்டைவிரல் பள்ளித் தலைமையாசிரியருடையது.