சூடாக இருந்த டியூப்

ஃப்ரிட்ஜுக்குள் இருந்த டியூப்களில் ஒன்று மட்டும் சூடாக இருந்தது.

கை பட்டதும் அவள் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். காலையில் எடுத்த ரத்தம்தான் எல்லாம். மற்றவை ஜில்லென்று, வெளியே நீர் பூத்து நிற்க, இது மட்டும் இப்போதுதான் ஓர் உடம்பிலிருந்து இறங்கியதுபோல வெதுவெதுப்பாக, பேர் ஒட்டாமல், ஸ்டாண்டின் கடைசிக் குழியில் நின்றது. மூடியைத் திறந்தாள். பிளாஸ்டிக் காய்ச்சும் தொட்டிக்குள் இறங்கி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிட்டு வருபவர்கள் மேல் அடிக்குமே, தொண்டையில் போய் உட்காரும் தித்திப்பு வாடை, அது. அவளுடைய கொழுந்தன் வீட்டுக்குள் நுழையும்போதே அந்த வாடை முன்னால் வரும்.

அவன் செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது.

ஆலை கிளினிக்கில் ரத்தம் எடுத்துச் சோதிப்பது அவள் வேலை. கல்லீரலில் புற்று முளைத்தால் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறும்; ஏறியவனைத் தொட்டி வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள். "கொசுவுக்கே அக்கா எங்க அண்ணி" என்று கேலி பேசிக்கொண்டே கையை நீட்டுகிறவன், கடைசித் தடவை மட்டும் நீட்டவில்லை.

"கல்யாணம் பேசியிருக்கு அண்ணி, வேலை போனா நின்னுடும். இந்த ஒரு வாட்டி மட்டும்."

மனசு கேட்கவில்லை. தன் கையிலேயே ஊசியைக் குத்தி அவன் டியூபை நிரப்பினாள். பிறகு அவன் வயிறு ஊதி, கண் மஞ்சளித்துப் படுத்தபோது, "டெஸ்ட்ல ஒண்ணுமே தெரியலையா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். பாவி. வாய்விட்டு அழக்கூட அவளுக்குக் கூசியது.

கதவு திறந்தது. கணவன். அவனும் தொட்டி ஆள்தான். நாற்காலியில் உட்கார்ந்தவன் சட்டைக்கையை மடக்கவில்லை.

"கொஞ்ச நாளா விலாவுக்குக் கீழ பாரமா இருக்கு," என்றான். "தம்பிக்குப் பண்ணினியே, அதையே பண்ணிடு."

அவள் அந்தச் சூடான டியூபை ஸ்டாண்டில் வைத்தாள். "உங்களுக்கு எப்படி..."

"சாகறதுக்கு முன்னாடி சொன்னான். நான் உன்னைக் கேக்கலையே. தொட்டியை விட்டா எனக்கு என்ன வேலை தெரியும்?"

"வேணாங்க. உங்க ரத்தத்தையே எடுக்கறேன். இப்பவே தெரிஞ்சா காப்பாத்திடலாம்."

"அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

அவள் புது டியூப் ஒன்றில் அவன் பேரை ஒட்டினாள். அவன் எழுந்து வாசலில் காவல் நின்றான். நாற்காலிக்கு முதுகு காட்டி, ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துத் தன் கையில் கட்டினாள். ஊசி இறங்கியது. டியூப் நிரம்பத் தொடங்கியது.

ஜில்லென்று.

ஃப்ரிட்ஜிலிருந்து வருவதுபோல. பிடித்திருந்த விரல்கள் மரத்தன. டியூபின் வெளிப்புறம் நீர் பூத்தது. அந்தத் தித்திப்பு வாடை, இந்த முறை அவள் கையிலிருந்தே.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

கணவன் வாசலில்தான் நிற்கிறான். முதுகு தெரிகிறது.

திரும்பினாள்.

நாற்காலியின் கைப்பிடியில் ஒரு கை. மஞ்சள் பூத்த கை. சட்டைக்கை முழங்கைக்கு மேல் ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது.

"இந்த வாட்டி என்னுதையே எடுங்க, அண்ணி."

அவள் எல்லோருக்கும் சொல்லித்தருவாளே, நரம்பு எழும்ப, அதுபோல அந்தக் கை மூடியது. திறந்தது. மூடியது.