ஏறாமல் இறங்கிய ஆறு பேர்

நாலாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய். பதினொரு நாள் கூலி. அதைப் பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும், இனிமேல் கணக்கெடுப்பு வேலைக்கு வரவும் வேண்டாம் என்ற கடிதத்தைக் கொழுந்தியாள் நீட்டியபோது, ஜீப் டிரைவர் பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தார். தாம் ஜீப் ஓட்டும் போக்குவரத்துப் புள்ளிவிவர அலுவலகத்தில் அவளைத் தற்காலிக ஆளாகச் சேர்த்துவிட்டதே அவர்தான்.

"உங்க ஆபீஸ் லட்சணம் இதுதானா?" என்று மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"நான் பொய் எழுதல மாமா" என்றாள் கொழுந்தியாள். அவள் அழவில்லை. அதுதான் டிரைவரை என்னவோ செய்தது.

அன்றே அவளை மேற்பார்வையாளர் அம்மாவிடம் கூட்டிப் போனார். அந்த அலுவலகத்தில் எந்தக் கணக்கு உதைத்தாலும் கடைசியில் அந்த அம்மாவின் மேஜைக்குத்தான் வரும். எதற்கும் பதற மாட்டார். பிளேடால் பென்சிலைச் சீவியபடியே கேட்பார். சீவி முடிப்பதற்குள் பாதி விஷயம் பிடிபட்டிருக்கும்.

விஷயம் இதுதான். காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் அவள் வாசல் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எழுத வேண்டும். கடைசி நிறுத்தத்தில் இரண்டும் சமமாக வந்தாக வேண்டும். வரவில்லை. முதல் நாள் ஏறியவர் நாற்பத்தொன்று, இறங்கியவர் நாற்பத்தேழு. மறுநாள் முப்பத்தெட்டு, நாற்பத்துநாலு. பத்து நாளும் ஆறு ஆறாக அதிகம். நடுவில் ஒரே ஒரு வியாழக்கிழமை மட்டும் கணக்கு கச்சிதம்.

"வீட்டுல உட்கார்ந்து மனசுக்குத் தோணினதை எழுதியிருக்கான்னு டைரக்டர் முடிவு கட்டிட்டாரு மேடம்" என்றார் டிரைவர். "எனக்கென்னமோ யாரோ ஜன்னல் வழியா ஏறுறாங்கன்னு தோணுது."

"தினம் ஆறு பேரா? என்னய்யா, சர்க்கஸ் கம்பெனியா?" அம்மா பென்சிலைத் திருப்பினார். "வீட்டுல உட்கார்ந்து எழுதுறவ என்ன செய்வா? நாற்பத்தொன்று ஏறினா நாற்பத்தொன்று இறங்கினதா எழுதி மூடி வெச்சுட்டு நிம்மதியா தூங்குவா. இவ கணக்கு உதைக்கும்னு தெரிஞ்சும் பார்த்ததையே எழுதியிருக்கா. இது பொய் இல்ல."

டிரைவருக்கு அந்த அம்மாவின் காலில் விழலாம் போலிருந்தது.

"புறப்படும்போது பஸ் காலியா?"

"கண்டக்டர் அண்ணன்கிட்ட தினமும் கேப்பேன் மேடம். 'காலிதான்மா, எழுதிக்கோ'ன்னு சொல்வாரு. முதல் நிறுத்தம் தாண்டினப்புறம்தான் உள்ள விளக்குப் போடுவாங்க."

"எந்த நிறுத்தத்துல நிறைய பேர் இறங்குறாங்க?"

"பாலத்தடியில. அங்க ஆளுங்க இறங்கினதும் படி ஈரமாயிடும் மேடம். ஒருநாள் வழுக்கி விழப் பார்த்தேன்."

"மழையா?"

"ஒரு பொட்டு மழை இல்ல."

அம்மா பிளேடைக் கீழே வைத்தார். "அந்த வியாழக்கிழமை படி ஈரமா இருந்துச்சா?"

அவள் யோசித்தாள். "இல்ல மேடம். அன்னிக்கு மட்டும் காஞ்சுதான் இருந்துச்சு."

"அந்த வியாழக்கிழமையை நான் மறக்க மாட்டேன்" என்று டிரைவர் குறுக்கே விழுந்தார். "ஜீப் கழுவலைன்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினீங்க. ஊர் முழுக்கக் குழாயில தண்ணி வரலைன்னா நான் என்ன எச்சில் தொட்டா துடைப்பேன்?"

அம்மா அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். "அன்னிக்குத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கோ. இந்த வழக்கை நீதான் முடிச்சு வெச்சிருக்கே."

என்ன முடித்தோம் என்று டிரைவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தார்.

மறுநாள் காலை மூவரும் முதல் நிறுத்தத்தில் நின்றார்கள். பஸ் இருட்டாக வந்து நின்றது. "காலிதான்மா" என்று கண்டக்டர் ஆரம்பித்தார்.

"விளக்கைப் போடுங்க" என்றார் அம்மா.

பின்வரிசைகளில் ஆறு பேர் சுருண்டு கிடந்தார்கள். நாலு பெண்கள், இரண்டு ஆண்கள். உடை ஓரமெல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கைவிரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. விளக்கு கண்ணில் குத்தியதும் எழுந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பணிமனையில ராத்திரி பஸ் கழுவுறவங்க" என்றார் அம்மா. "முதல் நிறுத்தத்துக்கு முன்னாடியே உள்ள வந்து படுத்துடுறாங்க, அதனால ஏறினதை யாரும் பார்க்கல. விளக்கு எரியும்போது கூட்டத்தோட கூட்டம். பாலத்தடியில இறங்குறாங்க, படி நனையுது. தண்ணி வராத அன்னிக்கு வேலையும் இல்ல, ஆறு பேரும் இல்ல, கணக்கும் உதைக்கல. மத்த நாள் உதைச்சதுக்கு இவ வேலையும் போச்சு, வாங்கின கூலியையும் திருப்பிக் கேக்குறாங்க."

கண்டக்டரின் முகம் வெளிறிவிட்டது. "காண்ட்ராக்ட் ஆளுங்க மேடம். பாஸ் கிடையாது. வாங்குற கூலியில டிக்கெட்டும் எடுத்தா என்ன மிஞ்சும்? நான்தான் வரச் சொன்னேன். என் வேலை போயிடும்னு பயந்து காலின்னு சொல்லிட்டேன். இந்தப் பொண்ணுக்கு இப்படி ஆகும்னு நினைக்கல." அவர் தோள்பையைத் துழாவினார். "அந்தப் பணத்தை நானே கட்டிடுறேன்."

"நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் போடுறோம்" என்றாள் ஒரு பெண், ஈர முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி.

"முடிச்சைப் போடும்மா" என்றார் அம்மா. "சரியா எண்ணினவ எதுக்குப் பணம் கட்டணும்? கண்டக்டர் சார், டிக்கெட் கேக்குறது எங்க வேலை இல்ல. எத்தனை பேர் எங்கேருந்து எங்க போறாங்கன்னு எண்ணிச் சொல்றோம். அதை வெச்சுத்தான் பஸ் விடுறவங்க பஸ் விடணும். பேர் எழுத மாட்டோம். எங்ககிட்ட சொன்னதை வெச்சு யார் மேலயும் நடவடிக்கை எடுக்கவும் சட்டத்துல இடமில்ல. ஆனா ஒண்ணு, எங்க ஆளுகிட்ட மட்டும் இனிமே பொய் சொல்லாதீங்க."

கொழுந்தியாள் பலகையில் தாளைச் செருகினாள். எல்லாவற்றுக்கும் மேலே 'பணிமனை' என்று எழுதினாள். ஏறியவர் கட்டத்தில் ஒவ்வொரு கோடாக இழுத்தாள்.

"என்னையும் எண்ணிட்டியாம்மா?" என்று கடைசி வரிசைக்காரர் கேட்டார்.

"நீங்கதான் ஆறாவது அண்ணே. தூங்குங்க, பாலத்தடி வந்ததும் எழுப்புறேன்."

அன்றைக்கு ஏறியவர் நாற்பத்தாறு. இறங்கியவர் நாற்பத்தாறு.

அம்மா எழுதிய ஒரு பக்கக் குறிப்பை டைரக்டர் இரண்டு தடவை படித்தாராம். தப்பு செய்தது ஆள் இல்லை, படிவம் என்று ஒப்புக்கொண்டாராம். அடுத்த மாதம் கொழுந்தியாளுக்கு மறுபடி வேலை வந்தது. புதுப் படிவத்தின் முதல் வரி இப்படி இருந்தது: 'புறப்படும்போது உள்ளே இருப்பவர்கள்: யாரையும் கேட்காமல் நீங்களே போய் எண்ணவும்.'

அதற்கு முன்பே இன்னொரு கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டது. டிரைவர் அதை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். திருப்பிக் கட்ட வேண்டிய தொகை என்ற இடத்தில் நாலாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறை அம்மா நன்றாகச் சீவிய பென்சிலால் அடித்து, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்க, கீழே டைரக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.