தலைமாட்டுக்கு வைத்த இரும்பு

தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு எந்தச் சாமான் வேண்டாமல் போனாலும் கடைசியில் அது என் தலையில்தான் ஏறும். அங்கே துணி வெளுப்பவள் நான். செத்தவன் வேட்டி, பிள்ளை பெற்றவள் சேலை, எலி கடித்த பாய் என்று எல்லாவற்றையும் "பெரியாயி, நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்று தள்ளிவிடுவார்கள். தருமம் செய்த மாதிரி முகத்தை வேறு வைத்துக்கொள்வார்கள். அதனால் போகியன்று காலையில் கங்காணி வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, பொதிக்கயிற்றை எடுத்துக்கொண்டு வழக்கம்போலத்தான் மேலே ஏறினேன்.

தெமோதரைப் பக்கம் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த காலம் அது. வேட்டுச் சத்தம் கூலிகள் குடியிருக்கும் எங்கள் லயம் வரைக்கும் கேட்கும். அன்று மூடுபனியில் அதுகூடக் கேட்கவில்லை. லயங்களுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், தகரக் கூரை போட்ட தனி வீடு கங்காணி அழகையாவுடையது. விடிந்து வெகுநேரமாகியும் உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வாசல் முழுக்கச் சாமான், ஓரத்தில் போகி நெருப்பு. கம்பி ஒடிந்த குடைகள், பூஞ்சணம் பிடித்த கோட்டுகள், ஓட்டை வாளி, காலில்லாத நாற்காலி. நடுவில் கங்காணியின் மனைவி அன்னலட்சுமி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதுளைக் கடைத்தெருவில் வளர்ந்த பெண். அவளுடைய முதல் பிள்ளை பிறந்த அன்றே மூச்சு நின்று போனது. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

"உள்ளறையிலதான் படுக்கப் போறேன் பெரியாயி. பரண் பூரா குப்பை. வேண்டாததை எல்லாம் தலைக்கு மேல வச்சுக்கிட்டுப் பெத்தா எந்தப் புள்ள தங்கும்? இன்னைக்கு எல்லாத்தையும் விட்டுத் தொலைச்சிடணும்."

"கங்காணி ஐயாவுக்குத் தெரியுங்களா?"

"பரணைத் தொடாதேன்னுதான் சொல்லுவாரு. எப்பவும் அதே பாட்டு. ஆளுக் கணக்கெடுக்கப் பெரட்டுக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம்."

ஓட்டை வாளி மேல் ஆண்பிள்ளைகளுக்கு இருக்கிற பாசம் எனக்குத் தெரியாததா? சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினேன்.

பரணின் மூலையில் கடைசியாக ஒரு மூட்டை கிடந்தது. கம்பளியைச் சுருட்டி, மஞ்சள் பூசிய கயிற்றால் முடிச்சுமேல் முடிச்சாக இறுக்கியிருந்தார்கள். அதைத் தொட்டதும் ஈரமண் வாடை வந்தது. அதற்கடியில் வேறொரு வாடை, கசாப்புக் கடைப் பலகையில் அடிக்குமே, அது.

"இது வேணாங்க அம்மா. கட்டி வச்சிருக்கிற மாதிரி இருக்கு."

"கட்டினதை அவுக்க முடியாதா என்ன?" என்று அவளே கயிற்றை அறுத்தாள்.

கம்பளி விறைத்துப் பலகையாகக் கிடந்தது. அதன் நடுவில், தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற வளைந்த கத்தி ஒன்று இருந்தது. அதில் துரு என்ற பேச்சே இல்லை. கம்பளியின் ஓரத்தைப் புரட்டினேன். என் கையால் போட்ட சிவப்பு நூல் அடையாளம். ஒவ்வொருவர் துணிக்கும் ஒவ்வொரு அடையாளம் போடுவேன். இது சன்னாசிக்குப் போட்டது.

சன்னாசி தனிக்கட்டை. கவ்வாத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. போன கவ்வாத்து நேரத்தில் அவன் பெரகலைப் பக்கம் ஓடிவிட்டதாகக் கங்காணிதான் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

"ஓடிப் போறவன் இந்தக் குளிர்ல கம்பளியை விட்டுட்டா போவான்?" என்றேன்.

அன்னலட்சுமியின் முகம் வெளுத்தது. கம்பளியைத் தூக்கி வாசல் நெருப்பில் எறிந்தாள். ஆனால் கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அதையும் தூரப் போடுங்கம்மா."

"இரும்பை யாராச்சும் எரிப்பாங்களா? பெத்தவ தலைமாட்டுல இரும்பு இருந்தாத்தான் காத்துக் கருப்பு அண்டாது. இது நல்ல இரும்பு."

அவள் சொன்னதில் குற்றமில்லை. பிள்ளை பெறுகிற வீட்டில் எல்லோரும் செய்வதுதான்.

கம்பளி சீக்கிரம் பற்றவில்லை. பற்றியபோது புகை மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து வீட்டுக்குள் நுழைந்தது. மயிர் கருகும் நாற்றத்தோடு சதை கருகும் நாற்றமும் வந்தது. அந்த நேரத்தில்தான் அன்னலட்சுமிக்கு வலி எடுத்தது.

மருத்துவச்சியை அழைக்கப் போக என்னை அவள் விடவில்லை. உள்ளறையில் படுக்க வைத்தேன். கத்தியைத் தலையணைக்குக் கீழே அவளே செருகிக்கொண்டாள். வலி விட்டு விட்டு வந்தது. பனி இன்னும் கெட்டியாகி, சன்னலுக்கு வெளியே இருந்த தேயிலைகூட மறைந்துவிட்டது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

சரக்.

செடியைக் கவ்வாத்து வெட்டும் சத்தம். அன்று தோட்டத்தில் யாருக்கும் கவ்வாத்து வேலை இல்லை.

சரக். சரக்.

அந்தச் சத்தம் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கதவு படாரென்று திறந்தது. கங்காணி அழகையாதான். தலைப்பாகை இல்லை, கோட்டெல்லாம் சேறு. பிள்ளை பெறும் அறைக்குள் ஆம்பிளை வரலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டேன்.

"மூட்டை எங்கடி?"

"எரிச்சிட்டேங்க... கம்பளியை."

"கத்தி?"

அவள் தலையணையைக் காட்டினாள். கங்காணி அதைப் பிடுங்கி எறிந்தார்.

அடியில் கத்தி இல்லை, வெறும் பாய்தான் இருந்தது.

அவ்வளவு பெரிய மனிதர், தோட்டமே நடுங்கும் மனிதர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெலிமடையிலருந்து கோடாங்கியைக் கூட்டியாந்து மந்திரம் போட்டுக் கட்டினேன்டி," என்று முணுமுணுத்தார். "அவன் கம்பளிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அடங்கிக் கிடப்பான்னு சொன்னாரு. நீ கம்பளியை எரிச்சிட்டு..."

"யாருங்க? யாரை என்ன செஞ்சீங்க?"

"எல்லாரு முன்னாலயும் எதிர்த்துப் பேசினான். அவன் கத்தியாலேயே வெட்டினேன். வெட்டின கொப்பைப் புதைக்கிற குழியில போட்டு மூடிட்டேன். மூடும்போது அவனுக்கு உசுரு இருந்துச்சு."

சரக்.

இந்தத் தடவை கூடத்தில்.

கங்காணி பாய்ந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். போட்ட கை தாழ்ப்பாளிலேயே நின்றது. அவர் மட்டும் பின்னால் விழுந்தார். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. இரத்தம் சுவரில் அடித்து என் முகத்தில் தெறித்தது.

அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சத்தியமாக யாரும் இல்லை.

மழைத்தண்ணீர் தங்காமல் வடிய வேண்டும் என்று தேயிலைக் கிளையைச் சாய்த்துத்தான் வெட்டுவார்கள். கங்காணியின் கையும் அதே சாய்வில் வெட்டுப்பட்டிருந்தது. மற்றக் கையைத் தூக்கி அவர் கும்பிடப் பார்த்தார். கும்பிட இரண்டு கை வேண்டுமே.

சரக்.

அந்தக் கையும் போனது. பிறகு கால்கள். அவசரமே இல்லை, கைதேர்ந்த வேலைக்காரன் ஒரு செடியைச் சுற்றிச் சுற்றி வந்து வெட்டுகிற நிதானம். அழகையா தொண்டை கிழியக் கத்தினார். கடைசிச் சத்தத்துக்குப் பிறகு கத்தல் நின்றது. அவர் தலை உருண்டு வந்து பிரசவப் பாயில் முட்டியது.

நான் அன்னலட்சுமியின் கண்ணைப் பொத்தினேன். என் கண்ணைப் பொத்த யாரும் இல்லை.

அப்போதுதான் பிள்ளை வந்தது. ஆண் பிள்ளை. ஏந்தினேன். அழவில்லை, நீலம் பாரித்திருந்தது. முதல் பிள்ளையும் இப்படித்தான் போனது. கொடியை அறுக்க எதையாவது தேடித் திரும்பினேன்.

என் காதருகில், மெதுவாக, சரக்.

கொடி அறுந்திருந்தது. சாய்வான, சுத்தமான வெட்டு. பிள்ளை வீரிட்டு அழுதது.

பதுளையிலிருந்து போலீஸ் வந்தது. கூலிகள் யாரோ கும்பலாக வந்து வெட்டினார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கத்தி கடைசிவரை அகப்படவில்லை. நான் பார்த்ததைச் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியமென்று என்னைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள்.

தீட்டுக் கழிக்கும் நாளில் துணி எடுக்க மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். வீடு துடைத்து விட்டாற்போல் இருந்தது. பரண் காலி, சுவரில் புதுச் சுண்ணாம்பு. அன்னலட்சுமி தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கொழுகொழுவென்று தூங்கியது.

அதன் மேல் ஒரு கம்பளி. ஓரம் கருகியிருந்தது. கருகாத மூலையில் சிவப்பு நூல் அடையாளம்.

"அம்மா... இது ஏதுங்க?"

"புள்ளைக்குக் குளிருமேன்னு கொண்டாந்து போர்த்தினாரு."

"யாரு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆளில்லாத வாசலைப் பார்த்தாள். வேற்று ஆண் வந்து நின்றால் பெண்கள் செய்வதுபோல், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

நான் கம்பளியின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். அந்தச் சனியனை அங்கிருந்து எடுத்துப் போய்விட வேண்டும் என்றுதான்.

சரக்.

சன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில் ஒரு தேயிலைக் கிளை சாய்ந்து விழுந்தது. பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

"எடுக்காத," என்று அன்னலட்சுமி கிசுகிசுத்தாள். "நல்லாப் போர்த்தி விடு, பெரியாயி. கழுத்து வரைக்கும் போர்த்தி விடு."

போர்த்திவிட்டேன்.