சண்டைக்காரிக்குப் பசிக்கவில்லை

எங்கள் வீட்டுக் கோழிகளில் ஒன்றுக்கு அண்ணன் வைத்த பெயர் சண்டைக்காரி. பூனையைக்கூட விரட்டுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒரு நாயின் வாயிலிருந்து தப்பி வந்து, அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில் விழுந்து கிடந்தாள். முதுகுத் தோல் கிழிந்து தொங்கியது.

நானும் அம்மாவும் அவளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை டாக்டர் காயத்தைக் கழுவித் தைத்தார். அம்மா எட்டி எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், தையல் கொஞ்சம் அகலமா விழுதே?"

"இது சட்டை இல்லம்மா, கோழி!" என்று அவர் சிரித்துவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "காயம் ஆறிடும் பாப்பா. ஆனா இவ சாப்பிடணும். ரெண்டு நாள்ல வாய் வைக்கலைன்னா பிழைக்கிறது கஷ்டம்."

அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, மெஷினுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். சோறு வைத்தேன். உடைத்த சோளம் வைத்தேன். கெஞ்சினேன், கொஞ்சினேன், "போடி, உன்கூட டூ!" என்றுகூடச் சொல்லிவிட்டேன். ம்ஹூம். கண்ணையே திறக்கவில்லை.

"விட்டுடு, அவ்வளவுதான்" என்றான் அண்ணன்.

"வாயைக் கழுவு!" என்று கத்திவிட்டு அழுதேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா ஒரு காலரை நிறுத்தி நிறுத்தித் தைத்துக்கொண்டிருந்தாள். டொக்... டொக்... டொக். சண்டைக்காரியின் தலை நிமிர்ந்தது!

மெஷின் நின்றதும் தலை தொங்கியது. மறுபடி ஓடியதும் நிமிர்ந்தது.

எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் கோழிகளில் ஒன்று கொத்தும் சத்தம் கேட்டால் போதும், எல்லாம் ஓடிவந்து சேர்ந்து கொத்தும். பாவம், இவள் தனியாகச் சாப்பிட்டதே இல்லை!

தகரத் தட்டில் சோளத்தைப் போட்டு, நகத்தால் தட்டினேன். டொக், டொக்.

ஒரு கண் திறந்தது. கழுத்து நீண்டது. டொக்!

அது என் நகம் இல்லை.

"அம்மா! சாப்பிடறா! சாப்பிடறா!"

அதற்குப் பிறகு நடந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. காயத்தின் இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டன. மூன்றாவது வாரம், வெறும் தோலில் பென்சில் முனை மாதிரி கருநீலக் குருத்துகள் முளைத்தன. ஒவ்வொன்றும் நுனியில் பிரிந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த இறகை வெளியே விட்டது. அடேயப்பா! இத்தனையும் அந்தச் சின்ன உடம்புக்குள் எங்கே இருந்தது? தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்முன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அம்மாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "எங்கேயும் தையல் தெரியலையேடி! எனக்குக்கூட இப்படி வராது."

போன வாரம் அண்ணனோடு எனக்குப் பெரிய சண்டை. "எனக்குச் சாப்பாடே வேண்டாம்!" என்று தட்டின் முன்னால் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். அம்மா கெஞ்சியும் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள். நான் அசையவில்லை.

சண்டைக்காரி மெதுவாக உள்ளே வந்தாள். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு என் தட்டின் விளிம்பில் கொத்தினாள்.

டொக், டொக்.

நான் சாப்பிட ஆரம்பித்தேன்.