நான்கு நொடிச் சிரிப்பு

காலை எட்டு பத்துக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தியபோதுதான் திருட்டு தெரிந்தது.

இருபத்திரண்டு வருடம் ஓடிய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு அருங்காட்சியகத்தில் கண்காட்சி. பத்து மணிக்குத் திறப்பு. அதை வடிவமைத்தவள் ஏழு மாதம் வீட்டை மறந்து உழைத்திருந்தாள். தரையில் குப்புறக் கிடந்த விளக்க அட்டையைத் தாண்டி, தனக்குப் பிடித்த மூலைக்கு நேரே வந்தாள். அங்கே தொடரின் பழைய டேப் மிஷின் இருந்தது. பொத்தானை அழுத்தினால், வாரா வாரம் வசனங்களுக்கு நடுவே சேர்த்த கூட்டச் சிரிப்பு கேட்கும். இடையில் ஒரு பெண் மட்டும் மூச்சு வாங்கி, கோழி மாதிரி கொக்கரித்துச் சிரிப்பாள். அப்போது மேலே ஒரு விளக்கு எரியும்; அடுத்தடுத்த சிரிப்புகளுக்கு நொடிக் கணக்கில் அடுத்தடுத்த விளக்குகள்.

இன்று விளக்கு எரிந்தது. சிரிப்பைக் காணோம். நான்கு நொடி மௌனம், பிறகு கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது.

வசனம் கலக்காத அந்தச் சிரிப்புக்கு வேறு பிரதி கிடையாது. நேற்று மாலை எல்லோரும் போன பின்பும் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்தான்.

எட்டு இருபத்தைந்து. எலக்ட்ரீஷியன்.

"மிஷினத் தொட்டீங்களா?"

"விளக்கு வயரத் தவிர எதையும் தொடல மேடம். நேத்து ஒத்திகையில நீங்க அந்தப் பொம்பள மாதிரியே சிரிச்சுக் காட்டினீங்களே, வயிறு வலிக்கச் சிரிச்சோம். அதப் போய் யாரு எடுப்பா?"

எட்டு நாற்பது. தொடரில் மாமியாராக நடித்த நடிகை.

"உங்களுக்கு அந்தச் சிரிப்பு ஆகாதாமே?"

"என் வசனத்தையெல்லாம் முழுங்கின சிரிப்பு. எப்படி ஆகும்? ஆனா நான் எடுத்திருந்தா மொத்த டேப்பையும்ல குப்பையில போட்டிருப்பேன்!"

அதுவும் நியாயந்தான். வடிவமைத்தவள் டேப்பைக் கையில் இழுத்துப் பார்த்தாள். சாய்வாக வெட்டி, நடுவில் வெறும் வெள்ளை நாடா ஒன்றைச் சேர்த்து, மேடு தெரியாமல் ஒட்டியிருந்தது. அளந்தாள். சரியாக நான்கு நொடி. வெட்டிய முனைகளை அப்படியே ஒட்டியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். பின்னால் வரும் விளக்குகள் எல்லாம் தப்பான நேரத்தில் எரிந்திருக்கும். திருடியவர் கண்காட்சி கெடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

திரும்பும்போது அந்த அட்டை கண்ணில் பட்டது. விழுந்த அட்டை சுவரோரமாகவா இத்தனை நேராகக் கிடக்கும்? எடுத்துப் புரட்டினாள். அவளே எழுதியது: "கொக்கரிக்கும் கோழி யார்? பொத்தானை அழுத்துங்கள்!"

அவள் முகம் செத்துவிட்டது. நேற்று ஒத்திகையில் அத்தனை பேரும் சிரித்தபோது, ஒருவர் மட்டும் மிஷின் பக்கமிருந்து திரும்பவே இல்லை.

ஒன்பது மணி. மிஷினையும் டேப்பையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த ஒலிப்பதிவாளர், எல்லோருக்கும் டேப்காரர், தொடரின் சமையலறை செட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் ஐயா. வேற யாராயிருந்தாலும் பிச்சுப் போட்டிருப்பாங்க. நீங்க நொடி கணக்குத் தப்பாம வெட்டியிருக்கீங்க. என் அட்டையையும் கழட்டிக் கவுத்து வச்சிட்டீங்க. அவங்க யாரு?"

சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தார். உள்ளே பழுப்பு நாடா சுருண்டிருந்தது.

"என் வீட்டுக்காரி. மொத வாரம் ஷூட்டிங் பாக்க வந்தப்ப சிரிச்சது. எட்டாவது வாரம் அவ உயிரோட இல்ல. அப்புறம் ஒரு வாரம்கூட அவளச் சிரிக்க வைக்காம விடல. யாருக்கும் தெரியாது."

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!"

"குடுத்தத எப்படித் திருப்பிக் கேக்கறது? நீ தப்பா ஒண்ணும் எழுதலம்மா. நானும் அவளக் கோழின்னுதான் கேலி பண்ணுவேன். ஆனா நான் பண்ணா அது வேற இல்லியா?"

"வீட்ல போட்டுக் கேட்டீங்களா?"

"எதுல கேக்கறது? மிஷினத்தான் உங்ககிட்ட குடுத்துட்டேனே."

அவள் அட்டையைக் கிழித்தாள். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அவர் துண்டை மிஷினில் கோத்தார். ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பத்து மணிக்குக் காவலாளி கதவைத் தட்டியபோது, "அஞ்சு நிமிஷம்" என்று உள்ளிருந்தே கத்தினாள்.

பத்து பத்துக்குக் கூட்டம் உள்ளே வந்தது. துண்டு மறுபடி டப்பாவில் இருந்தது. வெள்ளை நாடா டேப்பில் இருந்தது.

யாரோ பொத்தானை அழுத்தினார்கள். விளக்கு எரிந்தது. சத்தமில்லை.

"ரிப்பேரா?"

"இல்லீங்க. நல்லாத்தான் ஓடுது" என்றாள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற டேப்காரர் மட்டும் அந்த நான்கு நொடியும் சிரித்துக்கொண்டிருந்தார்.